27,000 ரூபாயும் திருகோணமலையும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பாலக்கரை ரவுண்டானா பக்கத்துல ஒரு டீக்கடை. நானும் கூடப் படிச்ச ரெண்டு பயலுகளும். மூணு பேருக்கும் இருபத்தெட்டு வயசாச்சு, கல்யாணம் இன்னும் ஆகல, கையில ஆளுக்கொரு லேப்டாப் பை, முதுகுல வலி. வருஷம் பூரா ஆணி புடுங்கியாச்சு, இந்த வருஷமாவது ஒரு கடற்கரைக்குப் போயி அஞ்சு நாள் சும்மா கெடக்கணும்னு பேச்சு ஆரம்பிச்சுது.

திருச்சிக்காரனுக்குக் கடல்னா ஒண்ணே ஒண்ணுதான். வேளாங்கண்ணி. சின்ன வயசுல சகாயமாதா கோயில் வாசல்லேர்ந்து பக்கத்து வீட்டுக்காரங்க வேன் எடுப்பாங்க, நாங்களும் தொத்திக்குவோம். மாதாவப் பாத்துட்டு, கடல்ல கால நனைச்சுட்டு, வறுத்த மீனத் தின்னுட்டு ராத்திரியோட ராத்திரியா வீடு. அதுக்கு மேல கடல்னா எங்களுக்கு சினிமாதான்.

சரின்னு கணக்குப் போட ஆரம்பிச்சோம். கோவா? திருச்சியிலேர்ந்து பெங்களூர் போயி அங்கேர்ந்து இன்னொண்ணு புடிச்சு, ரெண்டு நாள் வண்டியிலயே போயிடும். அந்தமான்? சென்னை போயி ஏறணும், டிக்கெட் வெலையப் பாத்தா மயக்கம் வருது. தாய்லாந்து, பாலி? பேசாம இருங்கடா. அப்பதான் ஒருத்தன் சொன்னான், “மாப்ள, நம்ம ஏர்போர்ட்லேர்ந்து ஒரு மணி நேரம் பறந்தா கொழும்புடா. பொன்மலையிலேர்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற நேரம்.”

மூணு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. டீ ஆறிப்போச்சு.

ஏன் பேசலன்னு உங்களுக்கும் தெரியும். தமிழ்நாட்டுல பொறந்த எவனுக்கும் இலங்கைங்குறது ஒரு “டூரிஸ்ட் ஸ்பாட்” இல்ல. அது ஒரு செய்தி. அதுவும் எப்பவும் கெட்ட செய்தி.

எனக்கு 2009 மே மாசம் நல்லா ஞாபகம் இருக்கு. ஆறாப்பு முடிச்சு லீவு. 16ஆம் தேதி பார்லிமெண்ட் எலெக்‌ஷன் ரிசல்ட், தெருவுல வெடி. ரெண்டே நாள் கழிச்சு அதே டிவியில முள்ளிவாய்க்கால். அப்பா சேனல மாத்தவும் இல்ல, அணைக்கவும் இல்ல. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல வேல பாத்த மனுஷன், அன்னிக்கு டூட்டிக்குப் போகாம சேர்லயே உக்காந்திருந்தாரு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. வெடிச் சத்தம் நின்னு ரெண்டு நாள்கூட ஆகல, ஏன் வீடு இப்பிடி இருக்குன்னு மட்டும் யோசிச்சேன்.

அந்த அப்பாகிட்டதான் இப்ப போயி, “ஜூலையில நாங்க இலங்கைக்கு டூர் போலாம்னு இருக்கோம்ப்பா”ன்னு சொன்னேன்.

“எந்த மாசம்?”னு கேட்டாரு.

“ஜூலை. அப்பதான் கிழக்குப் பக்கம் கடல் அமைதியா இருக்குமாம்.”

“ஜூலையிலயா போற?”ன்னாரு. அவ்ளோதான். எந்திரிச்சுப் போயிட்டாரு. 1983 ஜூலையில கொழும்புல தமிழங்க கடையையும் வீட்டையும் தேடித் தேடி எரிச்சப்ப அவருக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்த விட்டு வெளியில வந்து ஊர்வலம் போன கதைய நூறு தடவ சொல்லியிருக்காரு. எனக்கு ஜூலைன்னா சீசன், அவருக்கு ஜூலைன்னா வேற.

வாட்ஸப் குரூப்புல இன்னொருத்தன் ஒரே வரியில முடிச்சான்: “கொன்னவன் நாட்டுல போயி குளிக்கப் போறீங்களா, வெக்கமா இல்ல?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னுதான் இதை எழுதுறேன். அவனுக்கில்ல, எனக்கே சொல்லிக்கணும்.

முதல்ல காசுக் கணக்கு

வெக்கத்த அப்புறம் பாப்போம், மொதல்ல கணக்க முடிச்சுக்கறேன். பட்ஜெட் டூர்ங்குறது பாவம் ஒண்ணுமில்ல. கையில இருக்குற காசுக்கு எங்க போக முடியுமோ அங்கதான் போக முடியும்.

நாங்க பாத்த அன்னிக்கு திருச்சி – கொழும்பு போக வர ஆளுக்கு 15,000க்குள்ள வந்துச்சு. அங்க ரூபாய் மதிப்பு நம்ம ஒரு ரூபாய்க்கு மூணுக்கும் மேல. உப்புவெளியில குடும்பமா நடத்துற சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல மூணு பேரு தங்குற ரூம் நம்ம காசுக்கு ராத்திரிக்கு 2,100. அஞ்சு ராத்திரிக்குப் பங்கு பிரிச்சா ஆளுக்கு 3,500. சாப்பாடு ஒரு நாளைக்கு 600 வச்சாலும் ஆறு நாளுக்கு 3,600. பஸ்ஸு, ஆட்டோ 2,000. புறாத் தீவுக்குப் படகும் நுழைவுக் கட்டணமும் 2,500. மொத்தம் 26,600. ரவுண்டா 27,000. பீர் இந்தக் கணக்குல சேத்தி இல்ல, அங்க அது வெல ஜாஸ்தி. (நம்ம சங்கத்து ஆளுங்க மன்னிக்கவும்.)

விமானம் வேணாம்னா கப்பல் இருக்கு. நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல தொடங்கினாங்க, கொஞ்ச நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஓடாது. அதனால தேதி பாத்துட்டுத்தான் திட்டம் போடணும். விசா விதியும் அப்படித்தான். இந்தியர்களுக்குக் கட்டணமில்லாம குடுக்குறோம்னு 2023 கடைசியில அறிவிச்சாங்க, ஆனா அதுக்கப்புறம் விதி மாறிக்கிட்டே இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அரசாங்கத் தளத்துல ஒரு தடவ பாத்துக்கங்க, எவனோ சொன்னான்னு நம்பிடாதீங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து நூத்துக்கணக்கான பேரக் கொன்னு, ரோடு ரயில் பாதையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு. எது ஓடுது எது ஓடலன்னு அதையும் கேட்டுக்கணும்.

சீசன் விஷயத்துல நெறைய பேரு ஏமாறுறாங்க. தெற்குப் பக்கம் ஹிக்கடுவ, உனவடுன, மிரிஸ்ஸ எல்லாம் டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நல்லா இருக்கும். கிழக்குப் பக்கம் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் மே முதல் செப்டம்பர் வரைக்கும். மாத்திப் போனா அலையப் பாத்துட்டு ரூமுக்குள்ள உக்காந்து சீட்டு ஆட வேண்டியதுதான்.

இப்ப அந்தக் கெட்ட பேரு

எங்க தெருவுல இலங்கை பத்தி உள்ள ஞானம் இதுதான்: குண்டு வைப்பாங்க, வெள்ளை வேன்ல தூக்குவாங்க, பெட்ரோல் இல்ல, மீனவனச் சுடுவாங்க.

எதுவும் கட்டுக்கதை இல்ல. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புல குண்டு வெடிச்சு 260 பேருக்கு மேல செத்தாங்க. 2022ல நாடே திவால், பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கா வரிசை. அந்த ஜூலை 9 ஜனங்க ஜனாதிபதி மாளிகைக்குள்ள புகுந்து நீச்சல் குளத்துல குளிச்சத நாமளும் ஆன்னு பாத்தோம். அந்த ஜனாதிபதி மாலத்தீவு, சிங்கப்பூர்னு ஓடி அங்கேர்ந்து ராஜினாமா பண்ணாரு. எல்லாம் நடந்துச்சு.

ஆனா ஒரு ஊரோட பேருங்குறது யாரு சொல்றாங்கங்குறதப் பொறுத்தது. இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு கதை இருக்கு, நாம சௌகரியமா மறந்துட்டோம்.

2012 செப்டம்பர் ஆரம்பம். நான் பத்தாப்பு. இலங்கையிலேர்ந்து கொஞ்சம் பேரு வேளாங்கண்ணி, பூண்டி மாதா கோயில்னு யாத்திரை வந்திருந்தாங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் உண்டு. பூண்டியில போராட்டம். சரி, ஊரவிட்டுப் போயிடறோம்னு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினாங்க. வர்ற வழியில அவங்க பஸ்ஸு மேல கல்லு விழுந்துச்சு. நாம வேளாங்கண்ணிக்கு வேன்ல போற அதே பாதை. இலங்கை அரசாங்கம் தனி விமானம் அனுப்பி அவங்களக் கூட்டிட்டுப் போச்சு. அதோட நிக்கல. தமிழ்நாட்டுக்குப் போகாதீங்கன்னு தங்க ஜனங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் விட்டுச்சு. அடுத்த வருஷம் மார்ச்ல தஞ்சாவூர் பெரிய கோயில் பாக்க வந்த ஒரு புத்த பிக்குவ அடிச்சாங்க.

அந்த வருஷம் “போகக்கூடாத ஊர்” நாமதான் மக்கா. கெட்ட பேரு இருந்தது திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும்.

அப்ப அந்தக் கல்ல எறிஞ்சவன் மனசுல என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். 2009ல எங்க அப்பா சேர்ல உக்காந்திருந்தாரே, அதேதான். கோவம் நியாயமான கோவம். ஆனா அது போயி விழுந்தது, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்த வந்த ஒரு பொம்பள உக்காந்திருந்த பஸ் கண்ணாடி மேல. கோவம் நியாயமா இருந்தாலும் விழுற எடம் நியாயமா இருக்கணும்ல.

அங்க ஒரு வீட்டுல எவனாவது, “தமிழ்நாட்டுக்கா போற? கல்லால அடிப்பானுங்கடா”ன்னு சொல்லியிருப்பான். நம்ம தெரு சொல்ற மாதிரியேதான். ரெண்டு பக்கமும் அரைச் செய்தி.

ஆனா அவ்வளவு ஈஸியா தப்பிக்கவும் முடியாது

இப்படி எழுதிட்டு, “எல்லா ஊரும் நல்ல ஊருதான், வாங்க குளிக்கலாம்”னு முடிச்சுட்டா அது மோசடி. ஏன்னா நாங்க போகணும்னு நெனச்ச திருகோணமலைக் கடற்கரையப் பத்திப் படிக்கப் படிக்க தூக்கம் போயிடுச்சு.

2006 ஜனவரி 2. புது வருஷம் பொறந்து ரெண்டாம் நாள். திருகோணமலை கடற்கரையில சாயங்காலம் காத்து வாங்க உக்காந்திருந்த மாணவங்க அஞ்சு பேரு. எல்லாம் இருபது வயசுப் பசங்க, தமிழ்ப் பசங்க. அங்கயே சுட்டுக் கொன்னுட்டாங்க. விசேஷ அதிரடிப் படைக்காரங்க பதிமூணு பேரு மேல வழக்கு நடந்துச்சு. சாட்சி சொல்ல ஆளு வராம, 2019 ஜூலையில பதிமூணு பேரும் விடுதலை.

அவங்களும் நம்மள மாதிரிதான், ஃப்ரெண்ட்ஸோட பீச்சுக்குப் போனவங்க. பட்ஜெட் கூடப் போட்டிருக்க மாட்டாங்க, சொந்த ஊரு கடல்.

அப்புறம் முள்ளிவாய்க்கால். அதுவும் ஒரு கடற்கரைதாங்க. ஒரு பக்கம் நந்திக்கடல், ஒரு பக்கம் பெருங்கடல், நடுவுல ஒரு மணல் பட்டை. கடைசி வாரங்கள்ல ஜனங்க பங்கர் வெட்டுனது அந்த மணல்லதான். அதப் பாக்காம “பீச் ஹாலிடே”ன்னு ஒரு வார்த்தைய அந்த நாட்டு மேல ஒட்ட முடியல.

ஆனா இன்னொண்ணும் நெனச்சேன். வேளாங்கண்ணி? 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். கடல் வந்து நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல பேர வாரிட்டுப் போச்சு. வேளாங்கண்ணி மணல்ல எத்தன பேரு! ஒரு வருஷம் கழிச்சு நாங்க போனோம். கால நனைச்சோம். மீனும் தின்னோம். அந்த மீன வறுத்துக் குடுத்த அம்மா வீட்டுலயும் யாரையாவது கடல் கொண்டு போயிருக்கும். நாங்க வரலன்னா அவங்க அடுப்பு எரியாது.

சுனாமியும் போரும் ஒண்ணான்னு கேக்காதீங்க. ஒண்ணில்ல. கடலுக்கு யாரும் உத்தரவு போடல, முள்ளிவாய்க்காலுக்குப் போட்டாங்க. நான் சொல்றது வேற. செத்த இடத்துலதான் இருக்குறவன் பொழைக்கணும்.

கொட்டப்பட்டு

இதையெல்லாம் யாருகிட்ட கேக்கணுமோ அவன்கிட்ட இன்னும் கேக்கலையேன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

எங்க கூடப் படிச்சவன் ஒருத்தன் கொட்டப்பட்டு முகாம்ல இருக்கான். ஏர்போர்ட்டுக்குப் போற வழிதான். 2021ல அகதிகள் முகாம்ங்குற பேர மாத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு வச்சாங்க. எஞ்சினியரிங்ல என்னைவிட நல்ல மார்க் எடுத்தவன். கேம்பஸ் இண்டர்வியூவுல செலக்ட்டும் ஆனான். அப்புறம் கம்பெனி பாஸ்போர்ட் கேட்டுச்சு. இல்ல. இப்ப பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யுறான்.

அவன்கிட்ட இத எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை நேரா வீட்டுக்கே போயிட்டேன். அவங்கம்மா திருகோணமலைக்காரங்க. 1990ல சண்டை திரும்ப ஆரம்பிச்சப்ப, பதினாலு வயசுல, மன்னார் வந்து படகேறி ராமேஸ்வரம் வந்தவங்க. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம பேச்சு நல்லா வரும், ஆனா ஊர்ப் பேச்சு எடுத்தா அந்தப் பேச்சு வந்துடும்.

விஷயத்த மென்னு முழுங்கிச் சொன்னேன். அம்மாதான் மொதல்ல பேசினாங்க.

“உப்புவெளிக்கோ போறியள் தம்பி? நல்லது. ஆனி ஆடியெண்டா கடல் குளம் மாதிரிக் கிடக்கும். காலமையே போய்க் குளிக்கோணும்.”

நான், “இல்லம்மா... போறது தப்பான்னு...”ன்னு இழுத்தேன்.

“அதில என்ன பிழை? அங்க இருக்கிற எங்கட சனத்துக்கும் யாவாரம் நடக்கோணுமே. நீங்கள் வராட்டி வேற ஆக்கள் வருவினம். பெரிய ஹோட்டல்ல நிக்காதையுங்கோ, எங்கட சனத்திட்ட நில்லுங்கோ. வரேக்க எனக்கு ஒரு ராணி சந்தன சோப்பும் சித்தாலேபவும் வாங்கிக் கொண்டு வாங்கோ.”

(ரெண்டும் திருச்சியிலயே கெடைக்கும், குருவிங்க கொண்டு வர்றதுதான். ஆனா நான் சொல்லல.)

நான் ரொம்ப நிம்மதியாயிட்டு அவன்கிட்ட திரும்பி ஒரு முட்டாள்தனமான வார்த்தை சொன்னேன். “மாப்ள, நீயும் வாயேன்டா.”

சொன்ன உடனே தெரிஞ்சுது. அவன் கோவப்படல. சிரிச்சான்.

“நீ போனா அது டூரு மாப்ள. நான் போனா அது திரும்பிப் போறது. ஒன் வே. அப்புறம் இந்தப் பக்கம் வர முடியாது. எங்கம்மா பொறந்த ஊரு, நான் பாத்ததே இல்ல. நான் பொறந்த ஊரு இது, இங்க நான் வெளிநாட்டுக்காரன்.”

இது சட்டம். இந்தியாவுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தா பொறப்பாலேயே குடியுரிமை. அந்தக் கணக்குல கோர்ட்டுக்குப் போயி பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தல்ல ஓட்டும் போட்டவங்க முகாம்ல உண்டு. அதுக்கப்புறம் பொறந்தவனுக்கு அப்பனோ ஆத்தாளோ குடிமகனா இருக்கணும். இவன் 1998. 2019ல கொண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு, இலங்கை இல்ல. அதாவது, பாலக்கரையில பொறந்த நான் 15,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து அவங்கம்மா குளிச்ச கடல்ல குளிச்சுட்டு, ஆறாம் நாள் திரும்பி வந்து ஆணி புடுங்கலாம். அவன் வீட்டு மாடியிலேர்ந்து பாத்தா அந்த விமானம் எறங்குறது தெரியும்.

குரூப்புல “வெக்கமா இல்ல?”ன்னு கேட்டானே, அன்னிக்குத்தான் எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனா அவன் சொன்ன காரணத்துக்காக இல்ல.

அதனால என் கட்சி

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். போகலாம். போகணும்னுகூடச் சொல்வேன். ஆனா கண்ண மூடிக்கிட்டு இல்ல.

ஒண்ணு, புறக்கணிப்பு. இலங்கையப் புறக்கணிக்கணும்னு சொல்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. எங்கப்பாவே அந்தக் கட்சிதான். ஆனா நாம போகலன்னா கொழும்புல எந்த மந்திரிக்கும் தூக்கம் கெடாது. உப்புவெளியில ரெண்டு ரூம் வச்சிருக்குற குடும்பத்துக்குத்தான் கெடும். நாம இங்க சிங்கள சோப்பு போட்டுக் குளிச்சுட்டு அங்க தமிழன் கெஸ்ட் ஹவுஸப் புறக்கணிக்கறது என்ன கணக்கு?

ரெண்டு, காசு யாரு கைக்குப் போகுதுன்னு பாக்கணும். இதுதான் என்னைப் பொறுத்த வரைக்கும் முக்கியம். போருக்கப்புறம் வடக்குல ராணுவமே ஹோட்டல் நடத்த ஆரம்பிச்சுது. காங்கேசன்துறையில தல்செவன, நந்திக்கடல் ஓரத்துல ஒரு விடுதி. காங்கேசன்துறை, வலிகாமம் வடக்குல ஜனங்க காணி வருஷக்கணக்கா ராணுவத்துக்கிட்ட இருந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டாங்க, இன்னும் முழுசா விடல. அந்த மாதிரி எடத்துல ரூம் வாடகை கம்மியா இருந்தாலும், கடல் கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் வேணாம். பட்ஜெட்டு நம்ம பாக்கெட்ட மட்டும் பாக்கறது இல்ல.

மூணு, முள்ளிவாய்க்கால். போனா அஞ்சலி செலுத்தப் போங்க. டூர்ல ஒரு ஸ்டாப்பா, செல்ஃபி எடுத்துட்டு அடுத்து எங்க சாப்பாடுன்னு கேக்குறதுக்குன்னா போகாதீங்க. எங்க திட்டத்துல அது இல்ல. தஞ்சாவூர் விளார்ல 2013லேர்ந்து முள்ளிவாய்க்கால் முற்றம் இருக்கு, திருச்சியிலேர்ந்து ஒரு மணி நேரம், நம்மள்ல எத்தன பேரு போயிருக்கோம்? நானே போனதில்ல. மொதல்ல அத முடிச்சுட்டுத்தான் டிக்கெட்டுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

நாலு, அங்க போயி நாட்டாமை பண்ணக்கூடாது. “உங்களுக்காக நாங்க எவ்ளோ போராடினோம் தெரியுமா”ன்னு ஆரம்பிக்கக்கூடாது. கேட்டுக்கணும். உதாரணத்துக்கு இந்த மீனவர் விஷயம். நம்ம மீனவன அவங்க கடற்படை புடிக்குது, அடிக்குது, உயிரும் போயிருக்கு. அத நியாயப்படுத்த மாட்டேன். ஆனா பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ராத்திரியில வலை அறுந்து நிக்குறவனும் தமிழ் மீனவன்தான். அறுக்குறது நம்ம பக்கத்து இழுவைமடிப் படகு. அந்த மடிய அவங்க நாட்டுல 2017லயே தடை பண்ணிட்டாங்க. பருத்தித்துறைக்காரன் இதச் சொன்னா நாம என்ன பதில் வச்சிருக்கோம்? பதில் இல்லாதவன் வாய மூடிக்கிட்டு கேக்கறது நல்லது.

அஞ்சு, சந்தோஷமாவும் இருக்கணும். இது ரொம்ப முக்கியம்ங்க. போயி அஞ்சு நாளும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா அங்க இருக்குறவங்களுக்குத்தான் கஷ்டம். அவங்க சாவு வீட்டுல இல்ல, வாழுற வீட்டுல இருக்காங்க. கோட்டைக்குள்ள மான் மேயறதப் பாத்துக்கிட்டே மேல ஏறி கோணேஸ்வரரக் கும்பிடலாம். சம்பந்தர் பதிகம் பாடின தலம், போர்த்துகீசியர் இடிச்சது, திரும்ப எழுந்து நிக்குது. புறாத் தீவுப் பவளப்பாறை பக்கம் குட்டிச் சுறா ஓடுமாம், கடிக்காதாம் (நம்பித்தான் எறங்கணும்). கொத்து ரொட்டி, பால் அப்பம், சம்பல்னு ஒரு வெட்டு வெட்டலாம். அந்தம்மா சொன்ன மாதிரி காலமையே போய்க் குளிக்கணும்.

கொஞ்சம் முன்னாடி போயிப் பாத்தா இதெல்லாம் பெரிய அதிசயமே இல்ல. ஒரு காலத்துல போட் மெயில்னு ஒரு ரயில். எழும்பூர்ல கிளம்பி, தஞ்சாவூர், திருச்சி வழியா தனுஷ்கோடி போகும். அங்க கப்பல் ஏறினா தலைமன்னார், அங்கேர்ந்து ரயிலேறினா கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியவே அழிச்சுது. அப்புறமும் ராமேஸ்வரத்துலேர்ந்து கப்பல் போச்சு, எண்பதுகள்ல போரு வந்து அதுவும் நின்னுச்சு. எங்க ஜங்ஷன்ல ஏறி கொழும்புக்குப் போன ஊரு இது. எங்க தாத்தா காலத்துல கொழும்புக்குப் போறதுன்னா யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க.

அப்பா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா நேத்து ராத்திரி சாப்பிடறப்ப, தட்டப் பாத்துக்கிட்டே, “அந்த அஞ்சு பசங்கள சுட்ட எடத்துல எதாவது நினைவுக்கல் வச்சிருக்காங்களான்னு பாரு”ன்னாரு. அவருக்கு அது தெரியும்னே எனக்குத் தெரியாது. பாக்குறேன்ப்பான்னேன்.

ஜூலையத் தள்ளி ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு மாத்தியிருக்கோம். அப்பாவுக்காகத்தான். கடல் அப்பவும் அமைதியாத்தான் இருக்கும்.

டிஸ்கி: பட்ஜெட்ல ரெண்டு வரி விட்டுப்போச்சு. ராணி சந்தன சோப்பு ஒரு டஜன், சித்தாலேப ஆறு. ஆக மொத்தம் 27,000 தாண்டும் போல. கிழக்குப் பக்கம் போயிட்டு வந்த மக்கள், உப்புவெளியில நல்ல சாப்பாட்டுக் கடை தெரிஞ்சா சொல்லிட்டுப் போங்க. திட்டணும்னு தோணினா அதையும் சொல்லிட்டுப் போங்க. வர்ட்டா :-)